வெயில் இறங்கட்டும்

தம்பி, அந்த ஸ்கேன் கவர மேல வைக்காதீங்க. திருமங்கலம் தாண்டினா டிரைவர் விரட்டுவாரு, வளைவுல சரிஞ்சு விழுந்துரும். மடியிலயே நிமித்தி வச்சுக்கோங்க. படம் மடங்கிப்போனா டாக்டருக்குக் கோவம் வரும். நானும் இதே மாதிரி கவரத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன்தான், அதான் சொல்லுறேன்.

யாருக்கு? அப்பாவுக்கா? வெளிய சொல்லக் கூச்சப்படாதீங்க. கீழயா, புராஸ்டேட்டா? அட, அப்ப அவரு நம்ம கூட்டாளி.

எம்பேரு சுப்புராஜ். இதே ரோட்டுல கவர்மெண்டு வண்டியில கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். சாத்தூர்க்காரன். எனக்கும் அதேதான் வந்துச்சு. மொதல்ல ஒண்ணும் தெரியாது. ஒண்ணுக்குப் போனா நின்னு நின்னு வரும். கண்டக்டர் வேலையில அடக்கி அடக்கிப் பழகுனதுனால அப்படின்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரிதான் விடல. பூரணம்னு பேரு. "ராத்திரி இத்தன தடவ எந்திரிக்கீங்க, ஒரு நல்ல டாக்டரப் பாப்போம், வாங்க"ன்னு நச்சரிச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா. எனக்கு ஒண்ணுன்னா அவ தூங்க மாட்டா தம்பி. நான் தும்முனாக்கூட அடுப்புல மிளகு ரசம் கொதிக்கும்.

ரத்தம் எடுத்தாங்க, சதையக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. புத்துநோய்னு சொன்னாங்க. அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், ரொம்பப் பொறுமையானவரு. "பயப்படாதீங்கய்யா, கட்டி சின்னது, ஒரு பக்கமாத்தான் இருக்கு"ன்னாரு. ஆப்பரேசன் பண்ணலாம், இல்லன்னா கரண்டு வைக்கலாம், அதான் கதிர்வீச்சு. ஆனா எதுல போனாலும் மூத்திரம் அடங்காமப் போக வாய்ப்பு இருக்கு, அப்புறம் அந்த ஆம்பள சமாச்சாரமும் போகலாம்னு சொன்னாரு. பூரணத்த வச்சுக்கிட்டே சொல்லுறாரு! எனக்குத் தலைய எங்க வைக்கன்னு தெரியல.

அப்புறந்தான் சொன்னாரு, புதுசா ஒண்ணு இருக்கு, வெளிச்சத்த வச்சுப் பண்ணுற வைத்தியம், இங்க இன்னும் சோதனையாத்தான் செஞ்சு பாக்கோம், நீங்க சம்மதிச்சா சேத்துக்கிறோம்னு. எனக்கு விளங்குற மாதிரி விவரம் சொன்னாரு. மருந்து ஒண்ண ஊசி வழியா ரத்தத்துல ஏத்துவாங்களாம். அது உடம்பு பூராம் போயி சும்மாக் கெடக்குமாம். வெளிச்சம் பட்டாத்தான் அது வேலை செய்யுமாம். அதனால கொஞ்ச நாள் கழிச்சு, மயக்கம் குடுத்து, தூண்டில் நரம்பு கணக்கா மெல்லிசான கண்ணாடி இழைய உள்ள விட்டு, கட்டி இருக்கிற எடத்துல மட்டும் செவப்பு வெளிச்சம் பாய்ச்சுவாங்க. வெளிச்சம் பட்ட எடம் சாகும், படாத எடம் பொழைச்சுக்கிடும். கத்தியும் கெடையாது, கரண்டும் கெடையாது.

நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். பூரணத்துக்குப் பிடிக்கல. வெளிய வந்து, "ஆப்பரேசனே பண்ணிக்கோங்க. மூத்திரம் போனாப் போகுது, துணிய நான் அலசிப் போடுறேன். மத்தது இனிமே எதுக்கு நமக்கு? உசிரோட இருந்தாப் போதும்"னா. பொம்பளைக்கு என்ன தெரியும்? முப்பது வருசமா பஸ் நிறைய ஆளுக முன்னாடி நின்னவன், வேட்டி நனைய நிக்க முடியுமா? அதோட, நான் அத எனக்காக மட்டும் பண்ணல. அவளுக்கும் புருசன் முழுசா வேணும்ல? அத அவ வாயால சொல்ல மாட்டா.

அன்னைக்கு ஒரு கூத்து பாருங்க. எல்லாம் பேசி முடிச்சு எந்திரிக்கிற நேரம், இவ டாக்டர்ட்ட, "சார், எனக்குங்கூடக் கொஞ்ச நாளா இங்கன ஒரு மாதிரி இறுக்கிப் பிடிக்குது"ன்னு தோள்பட்டையத் தொட்டுக் காட்ட ஆரம்பிச்சுட்டா. எனக்கு வெக்கமாப்போச்சு. "ஏ, இவரு மூத்திரத்துக்குப் பாக்குற டாக்டரு. நம்ம தெருமுக்கு கிளினிக்குன்னு நெனச்சியா?"ன்னு இழுத்துட்டு வந்துட்டேன். நல்லவேளை, அவரு அதுக்குள்ள போன்ல பேசப் போயிட்டாரு, காதுல விழல. பஸ்ஸுல வரும்போது அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. எதுக்கும் கோவிக்க மாட்டா.

வைத்தியம் நல்லபடியா முடிஞ்சுது. வலியெல்லாம் பெருசா இல்ல. ஆனா அதுக்கு அப்புறந்தான் இருக்கு சங்கதி. அந்த மருந்து உடனே உடம்ப விட்டுப் போகாது. தோல்ல, கண்ணுல எல்லாம் தங்கி இருக்கும். அது போற வரைக்கும் வெயில் ஆகாது. மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாத வெயிலு நம்ம தோலக் கொப்புளமாக்கிரும். சில வாரம் இருட்டுலதான் இருக்கணும்னுட்டாங்க. சின்ன பல்பு இருக்கலாம், ஜன்னல் ஆகாது. பொழுது சாஞ்ச பெறகு வெளிய நடக்கலாம்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். பட்டப்பகல். கார் வச்சு வந்தோம். குரங்குக் குல்லா, கறுப்புக் கண்ணாடி, கைக்கு உறை, காலுக்குச் சாக்ஸ், மேல பூரணத்தோட சால்வை. சித்திர வெயில்ல! கார விட்டு இறங்கி மாடி ஏறுறதுக்குள்ள தெருவுல இருக்கிற பொடுசுக பூராம் கூடிருச்சு. ஒண்ணு, பேயி பேயின்னு கத்துது. பூரணம் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. ஒரு கொப்புளம் வரணுமே? ஒண்ணும் வரல. அம்புட்டு பத்திரமாக் கூட்டிட்டு வந்தா.

மாடி ரூமுலதான் என்னைய வச்சா. மகன் கல்யாணத்துக்குக் கட்டுன ரூம், ஒரே ஒரு ஜன்னல். மகன் பேரு மாரீஸ்வரன், கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில இருக்கான். அந்த ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடிச்சு, அதுக்கு மேல போர்வை கட்டி, கதவுக்கு அடியிலகூட பழைய சேலையச் சுருட்டி வச்சுட்டா. கக்கூசு உள்ளயே இருக்கு. ஒரே தொந்தரவு, மாடிப்படி வெளிய. மேக்க பாத்த படி. மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா அதுலதான் அடிக்கும். பாதியில ஒரு திருப்பம், அங்க ஒரு சின்ன மேடை இருக்கும். சோறு, காப்பி, வெந்நி எல்லாம் அவ அந்தப் படி ஏறித்தான் கொண்டுவரணும்.

சொன்னா நம்ப மாட்டீங்க தம்பி, அந்த நாள்தான் எங்களுக்கு நல்ல நாளு. வேலையில இருந்தவரைக்கும் பகல்ல நான் வீட்டுல இருந்ததே இல்ல. ரிட்டயர் ஆகியும் டீக்கடை, சங்கம்னு கெளம்பிருவேன். இப்பப் போக எடமில்ல. அவ வந்து தரையில உக்காருவா. மொகம் சரியாத் தெரியாது, குரல் மட்டும் கேக்கும். வெளிய என்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவா. வேம்பு பூத்து வாசல் பூராம் கொட்டிக் கெடக்கு, எதுத்த வீட்டுல கடைசிப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வந்திருக்கு, அவன் மீசை இப்படி இருக்குன்னு. அவ சின்ன வயசுல டைப்ரைட்டிங் படிக்கணும்னு ஆசப்பட்டாளாம். அது எனக்கு அப்பத்தான் தெரியும். "ஏன்டி எங்கிட்ட இத்தன வருசமாச் சொல்லல?"ன்னேன். "நீங்க எப்ப கேட்டீங்க?"ன்னா. இருட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஆனா ஒரு கொறை சொல்லணும். அப்ப அவளுக்கு ஒரு சோம்பேறித்தனம் வந்துருச்சு. சத்தம் குடுத்தா முன்ன மாதிரி ஓடி வாறதில்ல. படியில காலடிச் சத்தம் கேக்கும், பாதியில நின்னுரும். அந்த மேடையில உக்காந்துக்குவா. "ஏ, காப்பிய ஆறவச்சுக் கொண்டுவரவா படியில உக்காந்து வேடிக்க பாக்க?"ன்னு உள்ள இருந்தே அதட்டுவேன். "வாரேங்க, வாரேங்க"ம்பா. உள்ள வந்தா மூச்சு இரைக்கும். "வாயுவுங்க"ம்பா. உடம்பு பெருத்துப்போச்சு, நடன்னு சொன்னேன். சொன்னேன்ல? நாந்தான் அவளுக்கு எடுத்துச் சொல்லுறது.

அந்த நாளச் சொல்லுறேன்.

மத்தியானம் சோறு கொண்டுவந்தா. பாவக்காப் பொரியல். வச்சுட்டு, கதவுகிட்டயே நின்னா. "ஏங்க, இன்னைக்கு என்னமோ போல வருது. கொஞ்ச நேரம் இங்கனயே படுத்துக்கிறட்டுமா?"ன்னா. கதவு ஒருச்சாச்சுத் தெறந்திருக்கு, வெளிச்சம் கோடு போட்ட மாதிரி உள்ள வருது. எனக்குப் பதறுது. "மொதல்ல கதவச் சாத்து. இந்தப் புழுக்கத்துல இங்க எதுக்கு, கீழ ஃபேனுக்கு அடியில படு. ஒரு சோடா வாங்கிக் குடி, சரியாப்போகும்"னேன். நான் கவனிக்காம இல்லையே தம்பி? சோடா குடின்னு சொன்னேன். "சரிங்க"ன்னு கதவ மெல்லச் சாத்திட்டுப் போனா.

நான் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டேன். எந்திரிச்சதும் போன் போட்டு, காப்பி கொண்டான்னேன். "இந்தா வாரேன்"னா. அவ்வளவுதான் பேசுனா. காத்திருக்கேன், ஆளக் காணும். படியில காலடி கேட்ட மாதிரி இருந்துச்சு, அப்புறம் ஏதோ உருண்ட சத்தம். பூனை தட்டி விட்டுருச்சுபோலன்னு நெனச்சேன். கூப்பிட்டேன். "ஏ பூரணம்"னு கூப்பிட்டேன். பதில் இல்ல. மறுபடி போன் போட்டேன். கீழ அடுப்படியில மணி அடிக்குது, எனக்குக் கேக்குது. அடிச்சு அடிச்சு நிக்குது. திருப்பிப் போட்டேன். திருப்பியும் அடிச்சு நின்னுச்சு.

எதுத்த வீட்டுக்குப் போயி மாப்பிள்ளை கதை பேசிக்கிட்டு இருக்கான்னுதான் நெனச்சேன். வேற என்ன நெனைக்க? எனக்குன்னா கோவம் பொத்துக்கிட்டு வருது. எதுத்த வீட்டுக்காரர் நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. பொண்டாட்டியத் தேடி அடுத்த வீட்டுக்குப் போன் போடுறது அசிங்கம்னு போடல. கதவத் தெறந்தா மேக்கத்தி வெயிலு மொகத்துலயே அடிக்கும். டாக்டர் அம்புட்டு சொல்லி விட்டிருக்காரு, மீற முடியுமா? வெயில் இறங்கட்டும், வச்சுக்கிறேன் கச்சேரின்னு படுத்துட்டேன். என்னென்ன கேக்கணும்னு மனசுக்குள்ள வரிசை போட்டுக்கிட்டே படுத்திருந்தேன்.

பொழுது சாஞ்சு, மசூதியில பாங்கு சொன்ன பெறகு கதவத் தெறந்தேன்.

அந்த மேடையிலதான் உக்காந்திருந்தா. சுவத்துல சாஞ்சு, தலைய ஒரு பக்கமாப் போட்டு. எனக்கு வந்துச்சே கோவம். "இங்க உக்காந்துக்கிட்டா நான் கூப்பிடக் கூப்பிட வாயத் தெறக்காம இருக்க?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அசையல. இறங்கிப் போனேன். டம்ளர் கீழ்ப்படியில கெடக்கு. காப்பி சிந்தி, காஞ்சு, எறும்பு மொச்சிருக்கு. தோளத் தொட்டேன். சூடா இருந்துச்சு தம்பி. உடம்பு நல்லாச் சூடா இருந்துச்சு. உசிரு இருக்குன்னுதான நெனப்போம்? "காய்ச்சலா, ஏ, காய்ச்சலடிக்குதா?"ன்னு மொகத்தத் தூக்குறேன், கழுத்து நிக்க மாட்டேங்குது. அது காய்ச்சல் இல்ல. சாயங்காலம் பூராம் அவ மேல அடிச்ச வெயிலு.

தண்ணி இருந்தாக் குடுங்க. இல்ல, போதும். ஒரு மொடக்குதான்.

நான் போட்ட சத்தத்துல தெரு கூடிருச்சு. ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினாங்க. மாரடைப்பு, போயி ரொம்ப நேரமாச்சுன்னு அங்க பாத்த டாக்டர் சொல்லி அனுப்பிட்டாரு. மாரீஸ்வரன் கோயமுத்தூர்ல இருந்து வந்து சேந்தான். அம்மா கால்மாட்டுல உக்காந்து சின்னப்பிள்ள மாதிரி அழுதான். எழவு வீட்டுல டியூப் லைட்டு எல்லாம் போட்டு வெளிச்சமா இருக்கு. நான் ஓரமா ஒரு தூண் மறைவுல உக்காந்திருக்கேன். எப்படி ஆச்சுப்பான்னு கேட்டான். எல்லாம் சொன்னேன், உங்கள்ட்டச் சொன்ன மாதிரியே. கேட்டுட்டு, அத்தன சனத்துக்கு மத்தியில ஒரே ஒரு வார்த்தை கேட்டான். "கதவத் தெறந்து எட்டிப் பாத்திருக்கலாமேப்பா. அந்தச் சால்வையப் போத்திக்கிட்டாவது எட்டிப் பாத்திருக்கலாமே."

பெத்த தகப்பன்ட்ட கேக்குற கேள்வியா அது? வெளிச்சம் படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது அவனுக்குத் தெரியாதா? இவன் கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டு போன்ல, "அப்பா, டாக்டர் சொன்னபடி இருங்க, டாக்டர் சொன்னபடி இருங்க"ன்னு தெனம் சொன்னவன்தான? நான் டாக்டர் சொன்னபடிதான இருந்தேன்? ஒரு பெரிய மனுசன்கூட வாயத் தெறந்து அவனக் கண்டிக்கல. எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் எடுத்தாங்க. பொழுது சாயட்டும், நான் கூட வாரேன்னு சொன்னேன். அம்புட்டு நேரம் வைக்கக் கூடாதுன்னு அவ அண்ணந்தம்பிமாரு ஒத்துக்கல. சரின்னு குல்லா, கண்ணாடி, கை உறை எல்லாத்தையும் மாட்டி, அந்தச் சால்வையப் போத்திக்கிட்டு மாடியில இருந்து இறங்கினேன். சாகட்டும், கொப்புளம் வந்தா வரட்டும்னுதான் இறங்கினேன். மாரீஸ்வரன் ஈர வேட்டியோட கீழ்ப்படியில நிக்கான். என்னைய ஏற எறங்கப் பாத்தான். தெருவுல அதே பொடுசுக நிக்குதுக, இந்தத் தடவ ஒண்ணும் சிரிக்கல. "வேணாம்ப்பா. நீங்க மேலயே இருங்க. உங்க உடம்பு கெட்டுப் போயிரும்"னான். நெசமாவே உடம்புக்காகச் சொன்னானா, குத்திக்காட்டிச் சொன்னானா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. குரல்ல ஒண்ணும் இல்ல. திரும்பிப் படி ஏறி உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டேன். சங்குச் சத்தம் வாசல்ல கேட்டுச்சு. அப்புறம் தெருமுக்குல கேட்டுச்சு. அப்புறம் ரயில்வே கேட்டுக்கிட்ட கேட்ட மாதிரி இருந்துச்சு. கட்டின பொண்டாட்டிய நான் அப்படித்தான் வழியனுப்புனேன்.

இன்னைக்கு செக்கப்புக்குப் போயிட்டுத்தான் வாரேன். ரத்தத்துல இந்த நோயக் காட்டுற நம்பர் நல்லா எறங்கிருச்சு. டாக்டருக்கு ரொம்பச் சந்தோசம். "அருமையா வேலை செஞ்சிருக்குய்யா. மூத்திரம் நல்லாப் போகுதா? மத்ததெல்லாம் சரியா இருக்கா?"ன்னாரு. எல்லாம் சரியா இருக்கு சார்னேன். "அம்மா வரலையா?"ன்னு கேட்டாரு. அவருக்குத் தெரியாதுல்ல. சொன்னேன். கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. அப்புறம், "முன்னாடி ஏதாவது சொன்னாங்களா? நெஞ்சுவலி, மூச்சுவாங்குறது, அப்படி ஏதாவது?"ன்னாரு.

ஒரு வார்த்தை சொல்லல சார்னேன். அவ அப்படித்தான், எதையும் வெளிய காட்டிக்க மாட்டா.

உங்க அப்பாவுக்கு இந்த வைத்தியமே பண்ணுங்க தம்பி. ஒத்துக்கிட்டா நல்ல வைத்தியம். நான் நல்லா இருக்கேன், பாருங்க. வெயில்ல நடக்குறேன், ஒண்ணும் செய்யல. வீட்டுல போயி உக்காந்தாத்தான் ஒரு மாதிரி இருக்கு. பகல் ஆனா அந்த ரூமுக்குப் போயி கதவச் சாத்திக்கிறேன். துணியெல்லாம் இன்னும் கழட்டல. மாரீஸ்வரன் மாசத்துக்கு ஒரு தடவ போன் பண்ணுவான். சாப்பிட்டீங்களாம்பான். சாப்பிட்டேம்பேன். அதோட வச்சுருவோம்.

சாத்தூர் வரப்போகுது. யார்ட்டயும் சொல்லாதது ஒண்ணு, உங்கள்ட்டச் சொல்லுறேன். நீங்க முன்னப்பின்ன தெரியாத ஆளு, அதான் சொல்ல முடியுது.

அவ போறதுக்கு ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி. மத்தியானம். படி ஏறி வந்து எம்பக்கத்துல உக்காந்தா. வேம்பு, மாப்பிள்ளைன்னு ஒரு கதையும் சொல்லல. அந்த இருட்டுக்குள்ள என் கையத் தடவித் தேடி எடுத்து, அவ நெஞ்சு மேல வச்சு அமுக்கிக்கிட்டா. "எப்படி அடிச்சுக்கிது பாருங்க"ன்னா. ஆமா தம்பி, அப்படி அடிச்சுக்கிது. பழைய வண்டி மேடேறுற மாதிரி, நிக்குறதும் தூக்கிப் போடுறதுமா. கையெல்லாம் அவளுக்கு வேர்த்திருக்கு. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. "இந்த வயசுலயுமாடி?"ன்னேன். அப்படியே வச்சிருந்தா. ரொம்ப நேரம் வச்சிருந்தா. அப்புறம் என் கைய மெல்ல எடுத்து என் மடியிலயே வச்சுட்டு, உலை வைக்கணும்னு எந்திரிச்சுப் போயிட்டா.

எம்மேல எம்புட்டு ஆசை இருந்தா அப்படிச் செய்வா, சொல்லுங்க. கல்யாணமான புதுசுலகூட அவ அப்படிச் செஞ்சதில்ல.